கருவிழியின் மேல் ஒரு நீர்த்தேக்கம்

சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரை வெயிலில் தி. நகர் ரங்கநாதன் தெருவில் பத்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அடையாறு வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரவாடை போகாமல் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கண் வறண்டுபோகிறது என்று ஒருவர் சொன்னால், வீட்டில் இருப்பவர்களே நம்ப மாட்டார்கள். ஆனால் இங்கே வேலைக்குப் போகிற பலர் பகலைக் கழிப்பது இந்தக் காற்றில் இல்லை. ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில், வங்கிக் கவுன்ட்டரில், தரமணிப் பக்கத்துக் கணினி அலுவலகங்களில் அவர்கள் மேல் வீசுவது ஏசி ஈரம் பிழிந்து அனுப்பிய காற்று. ஜன்னலுக்கு வெளியே ஏசிக் குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் அந்த அறைக் காற்றிலிருந்து வந்ததுதான். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் பாதிக்குக் கீழே குறைந்துவிடுகிறது. சாயங்காலம் ஹெல்மெட்டின் முகப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பைக் ஓட்டினால், மிச்சமிருக்கிற ஈரமும் போய்விடும்.

போகிற ஈரம் எவ்வளவு? கருவிழிக்கு மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 3 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனோடு வைத்துப் பார்த்தால் இருபதில் ஒரு பங்கு தேறலாம். அந்த 3 மைக்ரானுக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. அடியில், கருவிழியோடு நீரை ஒட்டவைக்கும் கோழை. நடுவில் கண்ணீர்ச் சுரப்பிகள் தரும் நீர். மேலே, அந்த நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய். எண்ணெய் வருவது இமை ஓரத்தில் வரிசையாக வாய் திறந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து. 1666-இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். மேல் இமையில் முப்பது சொச்சம், கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அவை அடைபட்டால், கண்ணீர் வேண்டிய அளவு சுரந்தாலும் நிற்காது. நகரவாசிகளின் உலர்கண்ணில் பெரும்பங்கு இந்த வகைதான்.

நோயாளி மருத்துவரிடம் சொல்லும் வார்த்தைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணு காந்துது, மணல் விழுந்த மாதிரி உறுத்துது, வெளிச்சம் பார்த்தா கூசுது. கூடவே, கண்ணிலிருந்து தண்ணியா ஊத்துது என்றும் சொல்வார். உலர்ந்த கண்ணில் தண்ணீர் எப்படி ஊற்றும் என்ற குழப்பத்தில் பல மாதங்கள் வீணாகிவிடுகின்றன. கருவிழி நம் உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று. படலம் கிழிந்து காற்று பட்டதும் அந்த நரம்புகள் அபாய மணி அடிக்கின்றன; சுரப்பி பதறிப்போய் வெறும் நீரைக் கொட்டுகிறது. கோழையும் எண்ணெயும் சரியாகச் சேராத அந்த நீர் கன்னத்தில் வழிந்து போகுமே தவிரக் கண்ணில் தங்காது.

சோதனைகள் எளியவை. ஓட்டோ ஷிர்மர் 1903-இல் சொன்ன முறை இன்றும் நடப்பில் இருக்கிறது: 5 மி.மீ. அகலமுள்ள வடிதாள் கீற்று ஒன்றைக் கீழ் இமையில் மாட்டி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் நிலைமை மோசம். பிறகு ஃப்ளோரெசின் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில், சிமிட்டாமல் இருக்கச் சொல்வார்கள். பச்சையாக ஒளிரும் படலத்தில் முதல் கரும்புள்ளி எத்தனை நொடியில் விழுகிறது என்பது கணக்கு. பத்து நொடி தாங்காவிட்டால் படலம் பலவீனம். கருவிழியின் மேல்தோல் உரிந்த இடங்களிலும் சாயம் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கறைப் புள்ளிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்து, இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், திரை நேரத்தில் இடைவெளி, ஏசிக் காற்று முகத்தில் நேராகப் படாத இருக்கை என்று சரிக்கட்டிவிடலாம். அதற்கு மேல், வீக்கத்தைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு. கண்ணீர் வடியும் துளைகளுக்குச் சிறு அடைப்பான். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் செய்யும் சொட்டு. இவையெல்லாம் நல்ல வைத்தியங்கள். இவற்றைத் தாண்டியும் சிலர் அரைமணிக்கு ஒருமுறை சொட்டு விட்டுக்கொண்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

அவர்கள் யார்? ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் தன் ஆய்வேட்டில் விவரித்த நோய் உள்ளவர்கள் ஒரு சாரார். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும். நடுவயதைத் தாண்டிய பெண்களே அதிகம். மூட்டு வலிக்கு வாத மருத்துவரிடமும், நாக்கு வறட்சிக்குப் பல் மருத்துவரிடமும், கண்ணுக்கு இன்னொருவரிடமும் தனித்தனியாக அலைந்து, மூன்றும் ஒரே நோய் என்று தெரிய வருவதற்குள் வருடங்கள் ஓடியிருக்கும்.

இன்னொரு சாராரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்பது அபூர்வமானது. பெரும்பாலும் ஏதோ ஒரு மாத்திரையால் வருவது. 1922-இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர்கள் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸும் ஃபிராங்க் ஜான்சனும் இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதினார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமஸெபைன், சல்ஃபா வகை மருந்துகள், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் ஆகியவை அடிக்கடி குற்றவாளிக் கூண்டில் நிற்பவை. லட்சோப லட்சம் பேருக்கு நன்மை செய்யும் அதே மருந்து, யாரோ ஒருவருக்குக் காய்ச்சலில் தொடங்கி, தோல் கொப்பளித்து உரியும்படி செய்துவிடுகிறது. வாயின் உட்புறமும் கண்ணின் சவ்வும் தோலோடு சேர்ந்து வெந்துபோகின்றன. ஆள் பிழைத்து வீடு திரும்பியதும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். கண்ணுக்கோ அப்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

நீர்ச் சுரப்பியின் வாய்கள் வடுவால் மூடிக்கொள்கின்றன. கோழை தரும் செல்கள் அழிகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுகின்றன. எல்லாவற்றையும்விடக் கொடியது இமையின் உள்ளோரத்தில் நடப்பது. ஈரமாக, வழுவழுப்பாக இருக்க வேண்டிய அந்த ஓரம் தோலாக மாறித் தடித்துச் சொரசொரப்பாகிறது. முடிகள் உள்நோக்கித் திரும்பி முளைக்கின்றன. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை சிமிட்டுகிறோம் என்று வைத்தால் ஒரு நாளில் பத்தாயிரத்துக்கும் மேல். கண்ணைக் காப்பதற்காக இருக்கும் இமை அத்தனை தடவையும் கருவிழியைச் சுரண்டுகிறது. எவ்வளவு சொட்டு மருந்து விட்டாலும் இந்தச் சுரண்டலை நிறுத்த முடியாது. கருவிழி மெல்ல வெண்மையாகி, ரத்தக்குழாய்கள் படர்ந்து, பார்வை போகிறது. இப்படிப்பட்டவர்களில் சிறுவர்களும் இருபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் மனதைப் பிசைகிறது.

இந்தக் கண்ணுக்குத் தேவை இரண்டு: கருவிழிக்கு மேல் எந்நேரமும் நீர் நிற்க வேண்டும், இமைக்கும் கருவிழிக்கும் நடுவே ஒரு மதில் வேண்டும். ஸ்க்லீரல் லென்ஸ் இரண்டையும் ஒருசேரச் செய்கிறது. கடைகளில் வாங்கும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கிடக்கும். தான் ஈரமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணின் ஈரத்தையே நம்பியிருக்கும். ஸ்க்லீரல் லென்ஸ் கெட்டியானது, பெரியது. கருவிழியின் குறுக்களவு 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இந்த லென்ஸோ 15-இலிருந்து 20 மி.மீ.க்கும் மேல்வரை இருக்கும். அதனால் அது கருவிழியைத் தொடாமல் தாண்டிச் சென்று, நரம்புணர்ச்சி குறைந்த வெள்ளைவிழியின் மேல் ஓரத்தை ஊன்றி நிற்கிறது. நடுவில் உண்டாகும் இடைவெளியில் உப்புநீர். காலையில் போட்டு இரவு கழற்றும்வரை கருவிழி அந்த நீருக்குள்ளேயே கிடக்கும். ஏசிக் காற்றும் இமையின் சொரசொரப்பும் வெளிப்புறத்தோடு நின்றுவிடும்.

ஆச்சரியம் என்னவென்றால், பார்வைக்காக லென்ஸ் வருவதற்கு முன்பே பாதுகாப்புக்காக இது வந்துவிட்டது. 1887-இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் கண்ணாடிச் செயற்கைக் கண்கள் செய்துவந்த முல்லர் குடும்பத்தாரிடம் ஒரு வேலை வந்தது. புற்றுநோயால் இமையை இழந்து, கண் மூட முடியாமல் தவித்த ஒருவருக்கு, கருவிழியைக் காக்க மெல்லிய கண்ணாடி ஓடு ஒன்றை ஊதிக் கொடுத்தார்கள். அவர் அதைச் சுமார் இருபது ஆண்டுகள் அணிந்திருந்து பார்வையைக் காப்பாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டே சூரிச்சில் அடால்ஃப் ஃபிக், பார்வைக் குறையைத் திருத்தும் கண்ணாடி ஓடுகளைப் பற்றி எழுதினார். முதலில் முயல்களுக்கு, பிறகு தன் கண்ணில், அப்புறம் நோயாளிகளுக்கு என்று போட்டுப் பார்த்தவர் அவர். ஓட்டுக்கும் கருவிழிக்கும் நடுவே திராட்சைச் சர்க்கரைக் கரைசல் நிரப்பினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவானது. கருவிழி ஒளி ஊடுருவ வேண்டிய இடம் என்பதால் அதில் ரத்தக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாக நேரே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியும், பிறகு வந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் அதை அடைத்துவிட்டன. மூச்சு முட்டிய கருவிழி நீர்கோத்து வீங்கி, விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். 1948-இல் கருவிழி அளவேயான சிறிய லென்ஸ் வந்ததும், பின்னால் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961-இல் மென்லென்ஸை வீட்டில் தானே கோத்த இயந்திரத்தில் வார்த்துக் காட்டியதும், பெரிய லென்ஸை உலகம் ஏறக்குறைய மறந்தேபோனது. ஆக்சிஜனைக் கடத்தும் பிளாஸ்டிக் வந்த பிறகு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டான் எசிகியல் 1983-இல் அதில் பெரிய லென்ஸ் செய்ததை எழுதினார். அமெரிக்காவில் பெரி ரோசன்தால் 1992-இல் பாஸ்டனில் இதற்கென்றே அறநிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய லென்ஸுக்கு 1994-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 'புரோஸ்' என்ற பெயரில் அந்தச் சிகிச்சை இன்று பல நாடுகளில் நடக்கிறது.

சென்னைக்கு அது வந்து சேர்ந்த இடம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள சங்கர நேத்ராலயா. 1978-இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் தொடங்கிய அந்த மருத்துவமனையின் கான்டாக்ட் லென்ஸ் பிரிவு 2010-களின் தொடக்கத்திலேயே புரோஸ் பொருத்த ஆரம்பித்து, அனுபவங்களை ஆய்விதழ்களில் எழுதியது. கூம்புக் கருவிழிக்காரர்களும், கருவிழி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், ஸ்டீவன்ஸ்-ஜான்சனால் அடிபட்டவர்களும் அங்கே வருகிறார்கள். இதே மருத்துவமனை, வேறு வழியே இல்லாத கண்களுக்கு நோயாளியின் சொந்தப் பல்லின் வேரையும் தாடையெலும்பையும் செதுக்கி, அதற்குள் ஒளிக்குழல் பதித்துக் கண்ணில் வைக்கும் கடினமான அறுவையையும் செய்து பெயர் பெற்றது. அந்தக் கடைசிப் படிவரை ஒரு கண் போகாமல் தடுப்பதற்கு நடுவில் சில படிகள் உண்டு. உதட்டின் உட்சவ்வில் சிறு துண்டெடுத்து, தோலாகிப்போன இமையோரத்தில் ஒட்டுவது ஒன்று. ஸ்க்லீரல் லென்ஸ் இன்னொன்று. இரண்டையும் காலத்தில் செய்தால் எத்தனையோ கண்கள் கடைசிப் படிக்குப் போகவே தேவையிருக்காது. ஸ்டீவன்ஸ்-ஜான்சனிலிருந்து மீண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், கண் மேற்பரப்பு நிபுணரைப் பார்க்கச் சொல்லும் சீட்டு ஒன்றைக் கட்டாயமாகக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

லென்ஸைவிட அதைப் பொருத்துபவரின் கைதான் முக்கியம். பொருத்துபவர் பெரும்பாலும் ஆப்டோமெட்ரிஸ்ட். இந்தத் துறைக்கு நான்காண்டுப் பட்டப் படிப்பை நாட்டில் முன்னோடியாகக் கொண்டுவந்த எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-இல் தொடங்கியதும் சென்னையில்தான். சங்கர நேத்ராலயாவோடு சேர்ந்த அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் இன்று நாடெங்கும் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

பொருத்தும் நாளை அருகிலிருந்து பார்ப்போம். முதலில் அளவு. 15 மி.மீ. அகலத்துக்கு நடுவே கண் எவ்வளவு மேடாக எழும்பியிருக்கிறது என்பது முதல் கேள்வி. பெரும்பாலோருக்கு அது 3.7 மி.மீ.யை ஒட்டியிருக்கும். அதைவிடச் சில நூறு மைக்ரான் ஆழமான லென்ஸைச் சோதனைப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். ரப்பர் உறிஞ்சியின் தலையில் லென்ஸைக் கிண்ணமாக நிமிர்த்தி வைத்து, விளிம்பு தளும்பும்வரை உப்புநீர் ஊற்றுவார்கள். கூடவே ஃப்ளோரெசின் ஒரு துளி. நோயாளி மேசைமேல் குனிந்துகொள்ள வேண்டும், முகம் தரைக்கு நேராக.

"தாடைய நெஞ்சோட ஒட்டிக்கோங்கம்மா. ரெண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். கீழ உங்க மடியப் பாருங்க. மூடாதீங்க, மூடாதீங்க… அவ்ளோதான்."

நீர் மூக்குநுனி வழியாகத் துண்டில் சொட்டும். உடனே சோதனை: உள்ளே குமிழி இருக்கிறதா? மிளகளவு காற்று சிக்கினாலும் அந்த இடம் காய்ந்துபோகும், பார்வையும் மறைக்கும். கழற்றி மறுபடி நிரப்பி மறுபடி போட வேண்டியதுதான். முதல் தடவையே குமிழியில்லாமல் அமைவது அபூர்வம்.

அமைந்துவிட்டால், பல வருடமாகக் கண்ணை இடுக்கியே பழகியவர்கள் சட்டென்று நெற்றியைத் தளர்த்துவது தெரியும். காந்தல் நின்றுவிட்டது என்று அப்போதே சொல்பவர்கள் உண்டு. ஆனால் பொருத்துபவர் இதில் மயங்கிவிடக் கூடாது. ஸ்லிட் லாம்ப் என்னும் நுண்ணோக்கியில் மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாகப் பாய்ச்சினால் மூன்று பட்டைகள் தெரியும்: லென்ஸ், பச்சையாக நீர், அதன்பின் கருவிழி. லென்ஸின் தடிமன் தெரிந்த எண், உதாரணமாக 300 மைக்ரான். பச்சைப் பட்டை அதே அகலத்தில் இருந்தால் நீரின் ஆழமும் 300. ஓசிடி கருவி இருந்தால் அதையே குறுக்குவெட்டுப் படமாக எடுத்து எண்ணாகவே படிக்கலாம். போட்டவுடன் நடுவில் 200-இலிருந்து 300 மைக்ரான் இருக்கலாம். ஆனால் வெள்ளைவிழியின் மேல் உள்ள சவ்வு மெத்தென்றது. சில மணி நேரத்தில் லென்ஸ் அதில் அமிழ்ந்து 100 மைக்ரானோ அதற்கு மேலோ கீழிறங்கும். அதனால்தான் அவசரப்படாமல், நோயாளியை லென்ஸோடு வெளியே உட்காரவைத்து, மதியம் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பது. நல்ல மையங்களில் இந்தக் காத்திருப்பு அரை நாளைத் தின்றுவிடும். நோயாளிக்கு எரிச்சலாக இருக்கலாம். இதைச் சுருக்குகிற இடத்தில் லென்ஸ் வாங்காதீர்கள் என்பது என் யோசனை.

இடைவெளி குறைந்தால் கருவிழியை லென்ஸ் தொட்டுவிடும். தாராளமாக விடலாமே என்றால், தேங்கிய நீர் ஆழமாக ஆக ஆக்சிஜன் கடந்து வருவது குறையும். கருவிழிக்கு மறுபடியும் ஃபிக் காலத்து மூச்சுத்திணறல். நடுவில் மட்டும் பார்த்தாலும் போதாது. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் வட்ட எல்லையில்தான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூலச்செல்கள் குடியிருக்கின்றன. அங்கே ஐம்பது மைக்ரானாவது இடம் விட்டு லென்ஸ் தாண்ட வேண்டும்.

பிறகு ஓரம். கண் உருண்டை என்று சொன்னாலும் வெள்ளைவிழி எல்லாத் திசையிலும் ஒரே சரிவில் இறங்குவதில்லை. மூக்குப் பக்கம் தட்டையாகவும் காதுப் பக்கம் செங்குத்தாகவும் இருப்பது வழக்கம். வட்டமான லென்ஸை அதன்மேல் வைத்தால் ஓரிடத்தில் அழுத்தும், இன்னோரிடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தும் இடத்தில் ரத்தக்குழாய்கள் வெளுத்துப்போகும். லென்ஸைக் கழற்றியதும் அங்கே சிவப்பாக ஒரு வில் தெரியும். தூக்கும் இடத்தில் காற்றும் அழுக்கும் நுழையும். வெயிலிலும் புழுதியிலும் அலைகிற நம் ஊர்க்காரர்களுக்கு மூக்குப் பக்க வெள்ளைவிழியில் மஞ்சளாக ஒரு மேடு இருப்பது சகஜம். அதன்மேல் லென்ஸின் ஓரம் ஏறி உட்கார்ந்தால் வீங்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் ஓரத்தை உயர்த்தியோ, பிறைவடிவில் வெட்டியோ செய்யச் சொல்லிக் கடைசல் கூடத்துக்கு எழுதியனுப்புவார்கள். இன்று கணினியில் வரைந்து, கடைசல் இயந்திரத்தில் கண்ணுக்குக் கண் தனித்தனியாகக் கடைகிறார்கள். இந்தியாவிலேயே இதைச் செய்யும் நிறுவனங்களும் உண்டு. இரண்டு மூன்று திருத்தம் ஆவது இயல்பு. பொருத்தியவர் திறமையில்லாதவர் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். விலை மாதச் சம்பளக் குடும்பத்துக்குக் கனமானது. அதனால் திருத்தங்களும் மறுவருகைகளும் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

லென்ஸ் கைக்கு வந்த நாளில் பாடம் ஆரம்பம். போடவும் கழற்றவும் தானே கற்றுக்கொள்ளாதவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கழற்றும்போது ரப்பர் உறிஞ்சியை லென்ஸின் நடுவில் ஒட்டி இழுக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீரின் உறிஞ்சுபிடி கருவிழியையே இழுக்கும். கருவிழி மாற்றியவர்களுக்கு அது பேராபத்து. விளிம்பருகே ஒட்டி, ஓரத்தைக் கொஞ்சம் நெம்பிக் காற்று உள்ளே போகவிட்டால் லென்ஸ் தானாகக் கையோடு வந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ., கேன் தண்ணீர் எதுவும் லென்ஸைத் தொடக் கூடாது. குடிக்க நல்லது என்பது வேறு, கிருமியே இல்லாதது என்பது வேறு. அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிர் குழாய்த் தண்ணீரில் சாதாரணமாக இருக்கும். லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கருவிழியைத் தின்றுவிடும், மருந்துக்கும் லேசில் மசியாது. நிரப்புவதற்கு, பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத, கிருமி நீக்கிய 0.9 சதவிகித உப்புநீர் மட்டும். சொட்டு மருந்துகளில் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற ரசாயனம் சாதாரணக் கண்ணில் சிமிட்டலோடு கழுவப்பட்டுப் போகும். இங்கேயோ கருவிழி பத்து மணி நேரம் அதிலேயே ஊறும்.

வீட்டு வழக்கங்களும் சில மாற வேண்டும். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு லென்ஸைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவியும் காரம் போயிருக்காது. சமையலுக்கு முன்பே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். நெற்றிக்குத் திருநீறு இட்டுக்கொண்டு, கையைக் கழுவித் துடைத்த பிறகு லென்ஸ். இமையின் உள்ளோரத்தில் கண் மை தீட்டுவதை விட்டுவிட வேண்டும்; அது எண்ணெய்ச் சுரப்பியின் வாயையும் அடைக்கும், லென்ஸையும் மங்கலாக்கும். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வெள்ளீசுவரர் கோயில் இருக்கிறது; சுக்கிரன் அங்கே வழிபட்டு இழந்த கண்ணைப் பெற்றான் என்பது ஐதீகம், கண்நோய் தீர வேண்டிக்கொள்பவர்கள் வருகிறார்கள். வேண்டுதலில் கண்ணுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் கண்ணுக்குள் விடுவதுதான் கெடுதல். மேல்தோல் உரிந்த கருவிழி கிருமிக்குத் திறந்த கதவு.

மதியம் மூன்று மணிக்குப் பார்வை பனிமூட்டமாவது பலர் சொல்லும் குறை. சவ்விலிருந்து உதிரும் கோழையும் கொழுப்பும் சேர்ந்து நீர் கலங்குகிறது. கழற்றி, கழுவி, புதுநீர் நிரப்பிப் போட்டால் தெளியும். அலுவலகத்தில் அதற்கு ஒரு சுத்தமான மேசையும் கண்ணாடியும் ஐந்து நிமிடமும் வேண்டும். தினமும் இப்படி ஆனால் ஓரம் தூக்குகிறதா என்று பொருத்தியவர் பார்க்க வேண்டும். லென்ஸோடு தூங்கக் கூடாது. கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

எல்லோருக்கும் இது கைகொடுக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதிலைத் தேடியவரும் பெரி ரோசன்தால்தான். லென்ஸ் கச்சிதமாகப் பொருந்தியும், அடியில் நீர் நிறைந்தும், வலி குறையாத சிலரை அவர் பார்த்தார். அவர்களின் கருவிழியில் சாயக் கறையே இல்லை. ஷிர்மர் தாளும் நன்றாக நனைந்தது. சோதனையில் தடயம் எதுவும் தெரியாததால் இவர்கள் மனநோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டிருந்தார்கள். 2009-இல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை, கறையில்லாத கருவிழி வலி உண்மையானதே என்று வாதிட்டது. லேசிக் அறுவை, அம்மை வைரஸ், நீண்டகால வீக்கம் ஏதோ ஒன்றால் நரம்பே கெட்டுப்போய், காரணமில்லாமல் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு ஒன்றை மருத்துவர் விட்டுப் பார்ப்பார். வலி நின்றால் கோளாறு கண்ணில் உள்ள நரம்பு முனைகளில்; நிற்காவிட்டால் அது மூளைப் பக்கம் போய்விட்டது. அந்தச் சொட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கக் கூடாது, தொடர்ந்து விட்டால் கருவிழியையே கரைத்துவிடும்.

சோதனை லென்ஸும் இவர்களுக்கு ஒரு பரிசோதனைதான். சாதாரண ஆவியாதலையே வலியாக உணரும் நரம்பு என்றால், நீர்த்தேக்கத்துக்கு அடியில் வந்ததும் ஓரளவு அடங்கும்; அப்படிப்பட்டவர்களுக்கு லென்ஸ் உதவும். அரை நாள் போட்டு உட்கார்ந்தும் வலி இம்மியளவும் குறையவில்லை என்றால், அந்த வலிக்குக் காரணம் வறட்சி இல்லை. பணம் கட்டி லென்ஸ் செய்வதற்கு முன்பே அது தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து சீரம் சொட்டும், நரம்பு வலி மாத்திரைகளும், வலி நிபுணரும் என்று வைத்தியம் வேறு பாதையில் போகிறது.